ஒரு வயர் மிச்சம்

2025 செப்டம்பர் 12, வெள்ளி
கூட்டேரிப்பட்டு

இன்றும் விளையாட்டு நடுவில் நின்றுவிட்டது. சண்டை மும்முரமாக நடக்கும்போது திரை உறைந்துபோய், என் ஆள் சுவரைப் பார்த்தபடி நிற்க, எவனோ சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போனான். தோகாவில் வேலை பார்க்கும் அண்ணன் ஹெட்போனில் என் காதுக்குள் கத்தினான்: "ஏய் சங்கவி, அந்தச் செவுத்துல இன்னா சினிமாவா ஓடுது?"

கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை. அண்ணன் தமிழ்மணி இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் அப்பா வாங்கிக் கொடுத்தது. எட்டு வயதாகிறது. இன்று ஒரு அறிவிப்பு வேறு: அக்டோபர் பதினைந்துக்குப் பிறகு இந்தப் பழைய கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு ஓடாதாம்.

வெறும் விளையாட்டு என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். போனில் அண்ணன் பேசுவது மூன்றே வார்த்தை. சாப்ட்டியா, சாப்ட்டேன், வெச்சிடறேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. எட்டரை மணிக்குக் கையில் துப்பாக்கி வந்தால்தான் வாயே திறக்கும். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் அவனோடு பேச யார் இருக்கிறார்கள்? அம்மா போனை எடுத்தாலே அழுகிறாள். அப்பா அவனோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்கும் நேரத்தில், "இத நம்பிக்கினு என்னால இருக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவன் பெயர்கூட மறந்துவிட்டது. "போனவன்" என்றுதான் சொல்கிறார்.

செப்டம்பர் 16

புதுக் கம்ப்யூட்டர் என்ன விலை என்று பார்த்தேன். உடனே மூடிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, திண்டிவனத்திலிருந்து நேராக விழுப்புரம். அங்கே ஆனந்தராஜ் அண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். யூடியூபில் நாலு வீடியோ பார்த்த தெம்பில், "கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்று பெரிய அறிவாளி போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

"கார்டு நல்லாத்தாம்மா கீது. போர்டு, ப்ராசசர், ரேம், இந்த மூணும்தான் பழசாயிடுச்சு. செகண்ட்ஸ்ல ஒரு செட்டு வருது. பன்னெண்டாயிரத்துக்குள்ள முடிச்சித் தர்றேன். பொட்டி, மானிட்டர்லாம் பழசே இருக்கட்டும்."

தீபாவளி போனஸ் வந்தால் வாங்கிவிடலாம். அந்தப் பணத்தில் அம்மா எனக்குக் கொலுசு பார்த்து வைத்திருக்கிறாள். கொலுசு போட்டுக்கொண்டு நான் யாரிடம் பேசுவது?

அக்டோபர் 1, ஆயுத பூஜை

அம்மா வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு மூன்று பொட்டு. அப்பா கற்பூரத் தட்டோடு மோட்டார், மண்வெட்டி, தராசு, வண்டி, மிக்சி என்று காட்டிக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டரைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஏம்ப்பா, இதுக்கு?"

"அது போனவனுது."

"இல்ல, என்னுது!" என்று கத்தினேன். நான் கத்தி முடிப்பதற்குள் கற்பூரம் அணைந்துவிட்டது. பொங்கலையும் சுண்டலையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அக்டோபர் 11, சனி

போனஸ் வந்த கையோடு வாங்கிவிட்டேன்! விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தேன். "இன்னாம்மா, கேக்கா? இப்பிடிப் புடிச்சிக்கினு வர்ற" என்றார் கண்டக்டர்.

நானே மாட்டுவது என்று ஒரு வீம்பு. பழைய பெட்டியைத் திறந்தால் உள்ளே பூஜை அறை வாசனை. வெள்ளிக்குவெள்ளி அம்மா காட்டிய சாம்பிராணிப் புகை முழுக்க அந்த விசிறி இழுத்து வைத்திருக்கிறது. குங்குமமும்தான். பிரஷ்ஷால் தட்டித் தட்டி எனக்கு மூக்குச் சிவந்துவிட்டது.

எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டால் விசிறி மட்டும் சுற்றுகிறது. திரை கறுப்பு. போச்சு. நான் ஏன் இதுல கைய வெச்சேன்? கடையிலயே மாட்டித் தரச் சொல்லியிருக்கலாம்ல? எல்லாம் திமிரு. அழுதுகொண்டே ஆனந்தராஜ் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன்.

"மொதல்ல கண்ணத் தொடைங்க. ரேமை இன்னும் அழுத்துங்க. பயப்படாதீங்க, டக்குனு சத்தம் கேக்கணும்."

அழுத்தினேன். டக். வந்துவிட்டது!

கடைசியில் ஒல்லியாக ஒரு வயர் மட்டும் மிச்சம். "ஒண்ணு மிஞ்சிப்போச்சே, அது இல்லாம ஓடுமாடி?" என்று அம்மா கவலைப்பட்டாள். ஓடுகிறதே, பிறகு என்ன?

அக்டோபர் 12

ஓடுகிறது. வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. காலையில் எழுந்ததும் ஒருமுறை, குளித்துவிட்டு ஒருமுறை சும்மாவே போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

புதுப் பாகங்களோடு முதல் ஆட்டம். ஹெட்போன் போட்டால் சத்தமே இல்லை. சரி என்று பின்பக்கம் பழைய ஸ்பீக்கரைச் சொருகினேன். பேச, கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய கேமராவின் மைக்.

திரை ஒருமுறைகூட நிற்கவில்லை. அண்ணனுக்கு என்னைவிடச் சந்தோஷம். சுட்டுக்கொண்டே பேசினான். ஒரே அறையில் ஆறு பேராம், அதில் மூன்று பேர் குறட்டையாம். "முதுகு வலி பேஜாரா கீது, வீட்ல சொல்லிடாத." அப்புறம் வாராவாரம் கேட்பதையும் கேட்டான். "மல்லாட்டை பிடுங்கியாச்சா? ஆளு கெடைச்சாங்களா? மழைக்கு முன்ன காஞ்சிடுமா?" நான் வழக்கம்போல் உம் கொட்டினேன்.

நடுவில்தான் கவனித்தேன். கூடத்தில் அப்பாவின் டிவி ஓடுகிறது, சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். சத்தமில்லாத செய்தியை உம்மென்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 18

ஆனந்தராஜ் அண்ணனிடம் கேட்டேன். மிஞ்சியது முன்பக்கத்து ஹெட்போன் ஓட்டைக்குப் போகிற வயராம். "ஒரு நிமிஷ வேலம்மா, சொருகிடுங்க."

சொருகவில்லை. சொருகினால் பேச்சு மறுபடி என் காதுக்குள் மட்டும்தான் கேட்கும். எங்கள் அண்ணன் வாராவாரம் நிலத்தைப் பற்றி விசாரிக்கிறான் என்பதே அப்பாவுக்கு நேற்றுத்தான் தெரியும். நான் இதுவரை சொன்னதில்லை. பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் அண்ணனுக்குத் தெரியாமல் அவன் பேசுவதைக் கேட்க வைப்பது மட்டும் நியாயமா? அவன் என்னை நம்பித்தானே பேசுகிறான்? மனசு உறுத்துகிறது. அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆட்டம் தொடங்கியதும் மைக் பக்கத்தில் குனிந்து, "அண்ணா, நீ பேசறது ஸ்பீக்கர்ல வருது. அப்பா கேக்கறாரு" என்றேன்.

ஓடிக்கொண்டிருந்த அவன் ஆள் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"எப்பலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்து."

"முதுகு வலின்னேனே, அதுவுமா?"

"அதுவுந்தான்."

திட்டுவான் என்று நினைத்தேன். நின்ற ஆள் மறுபடி நடந்தான். பிறகு, "செரி. அப்படின்னா சவுண்ட கொஞ்சம் ஏத்தி வை" என்றான்.

ஏற்றி வைத்தேன். மேஸ்திரி நல்லவர், சோறு பரவாயில்லை, வெயில் குறைந்துவிட்டது என்று என்னிடம் சொல்வது போல உரக்கச் சொல்லிக்கொண்டே விளையாடினான். அவ்வளவு மோசமாக அவன் சுட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "முதுகு வலிக்குத் தேய்க்க அங்க நல்லெண்ணெ கெடைக்குமா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "கெடைக்கும்பா" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 31, வெள்ளி

அப்பா இன்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். கண்ணாடியும் மாட்டியாகிவிட்டது. "இன்னா இது, எந்நேரமும் ஓடிக்கினே இருக்கான்? ஒரு எடத்துல பதுங்கச் சொல்லு" என்று என்னிடம்தான் சொன்னார். அந்தப் பக்கம் அண்ணனுக்கும் கேட்டிருக்கும். உடனே பதுங்கினான்.

என் ஆள் ஒரு கூரைமேல் படுத்திருந்தாள். கீழே அண்ணன் ஒரு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வெளியே மழை. "ஜல்தி வாடி, மாடியில துணியெல்லாம் நனையுது!" என்று அம்மா கத்த, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

துணியை அள்ளிக்கொண்டு படியிறங்கும்போது வீடே அதிர்கிற மாதிரி அப்பாவின் குரல்.

"டேய்! டேய் தமிழு! பின்னாடி ஒருத்தன் வர்றான்டா! பின்னாடி பாருடா!"

துப்பாக்கிச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் இருந்தார். இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு அண்ணன் குரல் வந்தது. கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

"எத்தினி பேருப்பா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தார். "வந்தவன் வுழுந்துட்டான். இன்னொருத்தன் அந்த மரத்தாண்ட கீறான், வலது கை பக்கம். அவசரப்படாத. பொறுமையா போ."

"செரிப்பா."

நான் உள்ளே போகவில்லை. அதற்குள் எவனோ கூரைமேல் ஏறி வந்து என் ஆளைச் சுட்டுவிட்டான். இரண்டு பேருமே கவனிக்கவில்லை. என் ஆள் செத்ததும் திரை தானாக அண்ணன் பக்கம் மாறி, அவன் பார்ப்பதையே காட்டியது. அப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.