யார் கதவை யார் தட்டுவது

டிசம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. உள்ளே கொடி கட்டியதில் வீடு முழுக்க ஈர வாடை. குடையை பஸ்ஸில் விடாமல் திரும்பியது இன்றைய ஒரே சாதனை.

ராஜன் சார் கூப்பிட்டார். வருஷம் முடிவதற்குள் ஆபீஸ் லைப்ரரியை, அதாவது படங்களில் இழுத்துப் போட வரைந்து வைத்திருக்கும் ஷேப்களின் தொகுப்பை, சுத்தம் பண்ண வேண்டுமாம். தீயணைப்பான் ஷேப் மட்டும் எத்தனை! “தீயணைப்பான்”, “தீயணைப்பான் சிவப்பு”, “புதுசு”, “புதுசு சரி”, “இதையே எடுக்கவும்”. யார் இப்படிப் பெயர் வைத்தது என்று சார் கத்தினார். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். “இதையே எடுக்கவும்” நான் வைத்தது.

சாரின் விதி: எந்தப் படத்திலும் பயன்படாத ஷேப்பைத் தூக்கிவிட வேண்டும்.

வாங்க: வெங்காயம், பல்பு, சளி மாத்திரை.

டிசம்பர் 2, செவ்வாய்

எதிர் வீட்டு பிலோமினா அக்கா (பி.அ.) வந்திருந்தார். கையில் குடிலுக்கான வைக்கோல், பேச்செல்லாம் கேஸ் நாற்றம் பற்றி. போன மாதம் சனிக்கிழமை ராத்திரி ஆலையிலிருந்து காற்றில் வந்ததே, அது.

“இன்னொரு தபா வந்துச்சுன்னா அந்த மாதிரி ஓடக் கூடாது விமலா. யார் யார் வூட்ட தட்டி எழுப்பணும்னு ஒரு படம் மாதிரி போட்டு குழாயாண்ட ஒட்டிடணும். நீ படம் போடுற வேலதான பண்ற?”

கிடங்குகளுக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் தீ வந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று போடுகிறேன், தெருவுக்குப் போட்டதில்லை என்றேன்.

“எல்லாம் ஒண்ணுதான். அங்க டப்பா, இங்க ஜனம்.”

பிறகு வைக்கோலைத் தட்டியபடி, “நீ அன்னிக்கு தங்கச்சி வூட்ல இருந்த, தப்ச்ச. இங்க இன்னா ஓட்டம் தெரியுமா. கண்ணு எரியுது, புள்ளைங்கோ வாந்தி எடுக்குது, எல்லாரும் சர்ச்சு ஹாலுக்கு ஓடனோம்.”

ஆமாம் அக்கா என்றேன்.

நான் தங்கச்சி வீட்டில் இல்லை. இங்கேதான் இருந்தேன். சளி, மூக்கடைப்பு, மாத்திரை போட்டுத் தூக்கம். விழித்தபோது நல்ல வெயில். தொண்டை எரிந்தது. கதவைத் திறந்தால் தெருவில் ஒரு ஜீவன் இல்லை. எல்லா வீடும் பூட்டு, இல்லையென்றால் ஆவென்று திறந்து. என் செருப்பு வாசலில், ராத்திரி விட்ட இடத்தில். அதைத் தாண்டித்தான் அத்தனை பேரும் ஓடியிருக்க வேண்டும்.

அப்புறம் செய்ததை இங்கே மட்டும் எழுதலாம். பையில் ஒரு புடவையைத் திணித்துக்கொண்டு, ஆபீஸ் போகிற அதே பஸ்ஸில் டோல்கேட் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து வருகிறவள் போல நடந்தேன். என்னைத் தட்டவில்லை என்பதைவிட, தட்டவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரிவது பெரிய அவமானமாக இருந்தது.

அன்றிலிருந்து செருப்பை உள்ளேதான் விடுகிறேன்.

டிசம்பர் 3, புதன்

மழை விட்டது. கொசு.

தெருவுக்கென்று தனி லைப்ரரி ஒன்று திறந்தேன். பெயர் “தெரு”. குழாய், கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், சேகரின் ஆட்டோ, சர்ச் ஹால். காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு கொடி. பிறகு வீட்டின் மேல் வைக்கிற சின்னச் சின்னக் குறிகள்: நடக்க முடியாதவர், கைக்குழந்தை, காது கேட்காதவர். காதைப் பத்து தடவை வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் முந்திரிப்பருப்பு.

ஒரு மாத்திரையும் வரைந்தேன். மாத்திரை போட்டுத் தூங்குகிறவர். யாருக்கு வைப்பது என்று யோசிக்கவில்லை.

வீடு வரைய என் வீட்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் எண். கதவு, ஜன்னல், உள்ளே எழுத இடம்: எண், பெயர், ஆட்கள். நன்றாக வந்தது. அதையே லைப்ரரியில் போட்டு, இழுத்து இழுத்து இரண்டு வரிசையும் நிரப்பினேன். எண்ணையும் பெயரையும் மட்டும் மாற்றிக்கொண்டு போனேன். வேகமாக முடிந்தது. தெருவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. எல்லார் பெயரும் தெரிந்திருப்பது எனக்கே ஆச்சரியம். அவர்கள் கூப்பிட்டுக்கொள்வது காதில் விழுந்து சேர்ந்தவை.

ராத்திரி: தயிர் சாதம், நேற்றைய கூட்டு.

டிசம்பர் 4, வியாழன்

ஆபீஸில் ஒரு கிடங்குப் படம் வெளியிலிருந்து வந்தது. பார்க்க அழகு. பம்ப்பை ஓர் அங்குலம் நகர்த்தினேன், குழாய்க் கோடுகளெல்லாம் பழைய இடத்திலேயே அந்தரத்தில் நின்றன. ஒன்றுகூட ஒட்டவில்லை. பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“கண்ணுக்கு ஒட்டின மாதிரி இருக்கும் விமலா. நகத்திப் பாத்தாத்தான் தெரியும்” என்றார் சார். நாள் முழுக்க ஒவ்வொரு கோடாகப் பிடித்து ஒட்ட வைத்தேன்.

தங்கச்சி போன். பையனுக்குப் பரீட்சையாம், கிறிஸ்துமஸ் லீவுக்கு வரவேண்டாமாம். சரி என்றேன்.

டிசம்பர் 6, சனி

இன்று பட்ட அசிங்கம்.

பி.அ. வீட்டு வாசலில் படத்தை விரித்தேன். சேகர், அவன் மனைவி, தையல்கார அண்ணன், பக்கத்து வீட்டு தேவகி, இன்னும் சிலர். தேவகிக்கும் எனக்கும் ஆடியிலிருந்து பேச்சு இல்லை. அவள் மீன் கழுவிய தண்ணீரை என் வாசல் பக்கம் ஊற்றினாள், கலீஜா இருக்கு என்றேன், “மூக்க மூடிகினு வேற எடத்துக்குப் போ” என்றாள். அதோடு சரி.

முதலில் சேகர்தான் பார்த்தான்.

“யக்கா, இன்னா இது, எங்க வூட்ல ஆளு ஒண்ணுன்னு போட்டுக்கீற? எம் பொண்டாட்டிய எங்க அனுப்சிட்ட?” மனைவி முதுகில் ஒன்று வைத்தாள். “நல்லதாப் போச்சு, அப்டியே வுட்ருக்கா!”

“எங்க வூட்லயும் ஒண்ணுன்னு கீது. நாங்க ஏழு பேரு.”

“தெரு பூரா ஒண்டிக்கட்டையா?” ஒரே சிரிப்பு.

அப்போதுதான் புரிந்தது. என் வீட்டை லைப்ரரியில் போட்டபோது அதில் இருந்த “ஆட்கள்: 1” கூடவே போய்விட்டது. அதிலிருந்து இழுத்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள். மூலத்தில் இருப்பது நகலில் வரும். இந்தப் பாடத்தை ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தேவகி யாரையும் பார்க்காமல் சொன்னாள். “அவுங்கோ வூட்ட வெச்சே எல்லார் வூட்டையும் போட்டுக்கீறாங்கோ.”

மென்பொருள் தெரியாமல் சொன்னாள். அச்சு அசலாக அதுதான் நடந்தது. காது சூடானது.

பி.அ. காப்பாற்றினார். “சிரிச்சது போதும். பேரு சொல்லுங்கோ, அது எழுதிக்கும்.” ஒவ்வொருவரும் சொன்னார்கள். பாட்டி, மச்சான், வந்து தங்கியிருக்கிற கொழுந்தன், வயிற்றில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு சண்டை. எழுதி மாளவில்லை.

பிறகு யார் யாரைத் தட்டுவது. பி.அ. சொல்லச் சொல்லக் குறித்தேன். சேகர் கையில் விசில், அவன் தொடக்கம். அவன் இரண்டு வீடு, அவர்கள் இரண்டு வீடு என்று தெரு முழுக்க. “எட்டு, தேவகி. நீ பத்த தட்டு.” நடுவில் ஒன்பது. பி.அ. என்னைப் பார்த்தார். “நீ படிச்சவ. போன்லயே தெர்ஞ்சிக்குவ. நீ பதினொண்ண தட்டு.” பதினொன்று தையல்கார அண்ணன். காது சுத்தமாகக் கேட்காது. ஜன்னல் வழியாகக் குச்சி விட்டுக் கட்டிலைத் தட்ட வேண்டும். எல்லாரும் அதை அவருக்கு நடித்துக் காட்டினார்கள். அவரும் சிரித்தார்.

குறித்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பி.அ. வீட்டில் நட்சத்திரம் கட்டியிருக்கிறார்கள். அதன் சிவப்பு என் சுவரில் விழுகிறது. எங்கோ மீன் வறுக்கிற வாசனை. மூக்கு திறந்துவிட்டது.

லைப்ரரியில் மூல வீட்டைத் திருத்தினேன். ஆட்கள்: காலி. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சரியான எண்ணிக்கை. ஏழு, ஐந்து, நான்கும் வயிற்றில் ஒன்றும். என் வீட்டுக்கு வந்து திரும்பவும் 1 என்று அடித்தேன். தெருவில் அந்த எண் இப்போது ஒரே இடத்தில்.

அம்புகள். ஒவ்வொன்றையும் கதவுப் புள்ளியில் பச்சையாக மின்னும் வரை பிடித்து ஒட்டினேன். முடித்துவிட்டு, ஆபீஸ் பழக்கத்தில், இணைப்புச் சோதனை ஓட்டினேன். இரண்டு வீடுகளுக்கு உள்ளே வரும் கோடு இல்லை என்று வந்தது. ஒன்று சேகர், தொடக்கம் என்பதால் வேண்டாம். இன்னொன்று ஒன்பது.

தெரிந்த விஷயம். ஆனாலும் இயந்திரம் சிவப்பில் எழுதிக் காட்டும்போது வேறு மாதிரி.

எந்த வீட்டிலிருந்தும் ஓர் அம்பை இழுத்துவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள். பி.அ.விடமிருந்து இழுத்தேன், அழித்தேன். அவர் ஏற்கெனவே இரண்டு வீடு, முட்டி வலி வேறு. தேவகியிடமிருந்து இழுத்தேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அம்புக்கு இடமே இல்லை, அத்தனை பக்கம். அழித்தேன்.

வாய்விட்டுக் கேட்க வேண்டியதைப் படத்தில் திருட்டுத்தனமாகப் போட முடியாது.

ஆனால் நான் தூங்கிப்போனால் தையல்கார அண்ணனும் தூங்குவார். இது என் சொந்த விஷயம் மட்டும் இல்லை. இதைச் சொல்லியே கேட்கலாம். நாளை கேட்கலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

கேட்கவில்லை. ஆபீஸில் பெரிய தாளில் எடுத்து, பிளாஸ்டிக் போட்டு, பி.அ.விடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலமே குழாயடிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். குடத்தை வைத்துவிட்டு அவரவர் வீட்டைத் தேடுகிறார்கள். “இதோ கீது பாரு நம்ம வூடு!” என்று ஒரு குழந்தை சொல்லிச் சொல்லி விரலால் குத்துகிறது. தெருவில் ஒரு படத்துக்கு இவ்வளவு பார்வை கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

பார்த்தவர்களில் ஒருவர்கூட ஒன்பதைக் கேட்கவில்லை.

ஆபீஸ்: சுத்தம் தொடர்கிறது. பயன்படாதவை என்று தேடினால் நீளமாக வருகிறது. மென்பொருள் “நிச்சயமாக நீக்கவா?” என்று கேட்கிறது. நிச்சயமாக.

டிசம்பர் 11, வியாழன்

மறுபடி மழை. பஸ் தாமதம். தண்ணீர் பிடிக்கப் போனேன்.

படத்தில் யாரோ பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கின் மேல் மார்க்கர், நீலம். கோணல் மாணலாக. குழந்தைகள் வேலை என்று துடைக்கப் போய், நிறுத்தினேன்.

அம்பு. எட்டிலிருந்து ஒன்பதுக்கு. முனை மட்டும் வீட்டை விடப் பெரிசு.

டிசம்பர் 12, வெள்ளி

குழாயடியில் தேவகி. வேறு யாரும் இல்லை. நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

“இன்னா மேடம், ரெண்டு நாளா படத்தையே பாத்துகினு கீற. அழிச்சிடாத. நாந்தான் போட்டேன்.”

“யார் போடச் சொன்னது?” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“யாரு சொல்லணும்? ஒனக்கும் எனக்கும் நடுவுல ஒரே செவுரு. நீ தும்முனா எங்க வூட்ல கேக்குது.” குடத்தை நகர்த்தினாள். தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. “அன்னிக்கு நீ வூட்லதான் இருந்த.”

என் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டேன்.

“ஒன் செருப்பு வாசல்ல கெடந்துச்சு. பாத்தேன். சண்டக்காரி வூட்ட எவ தட்டுவான்னு போய்ட்டேன். சர்ச்சு ஹால்ல ஒக்காந்த அப்பால கோவம் பூடுச்சு, பயம் புட்ச்சிகிச்சு. என் வூட்டுக்காரர போய்ப் பாருய்யான்னு அனுப்னேன். தெருக்கோடிலயே போலீஸ் மடக்கிட்டாங்கோ. காலைல நீ பையத் தூக்கிகினு பஸ் ஸ்டாப்லேந்து வந்த பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதே செருப்பு.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“நீ சொன்னியா?”

குடம் நிறைந்து வழிந்தது. அவள்தான் குழாயை மூடினாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தவள் திரும்பினாள்.

“மீன் தண்ணி நாத்தம் மட்டும் தெர்யும். கேஸ் நாத்தம் தெர்யாது. இன்னா மூக்கும்மா அது!”

நான் குடத்தை வைக்கவே மறந்து நின்றிருந்தேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். மறந்துவிட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒருத்திக்கு நினைவு இருந்தது. நினைத்துப் பார்த்துத்தான் தாண்டிப் போயிருக்கிறாள். இதில் எது மேல் என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுத வரவில்லை. அழுகையும் வரவில்லை. பசித்தது. இரண்டு தோசை.

டிசம்பர் 13, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

பி.அ. வந்து, மார்க்கர் மழையில் ஓடுகிறது, ஒழுங்காகப் போட்டு வேறு தாள் கொடு என்றார். யார் போட்டது என்று கேட்கவில்லை. “ஒன்ன எப்டி வுட்டேன்” என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

கோப்பைத் திறந்தேன். லைப்ரரியில் அந்த மாத்திரை இன்னும் இருந்தது. சாரின் விதிப்படி போக வேண்டியது. இழுத்து ஒன்பதின் மேல் வைத்தேன்.

எட்டிலிருந்து அம்பு. முதல் தடவை சும்மா பக்கத்தில் போய் நின்றது, ஒட்டவில்லை. மறுபடி இழுத்து, புள்ளி பச்சையாகும் வரை பிடித்திருந்து விட்டேன். சோதனைக்காக ஒன்பதைப் பிடித்து நகர்த்தினேன். குழாயைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, கடலுக்கென்று வெள்ளையாக விட்டிருந்த ஓரம் வரை. அம்பு நீண்டு, வளைந்து, கூடவே வந்தது.

பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மீன் செதில் உரசும் சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், வேறு பக்கம்.

விளக்கை அணைக்கும் முன் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன்.