வெளியே போன கோடு

மார்ச் 9, ஞாயிறு. காலை 10:40. திரையில் 212 கோடுகள். அவற்றில் 9 வெளியே.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலம் விசாரித்து நாலு வரி எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். உன் அப்பாவுக்கு, என் பெரியப்பாவுக்கு, நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. எடை நாற்பத்தாறு கிலோ. தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார். நீ முதலில் தேடுவது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பதினாறு நாளுக்கு முன் போனில் அவரிடம், "அறுபத்தெட்டு வயசுல பச்சப்புள்ள மாதிரி மாத்திரைய நிறுத்தினா நான் இங்கேர்ந்து என்னப்பா பண்ணுவேன்" என்று கேட்டுவிட்டு வைத்தாய். அதன் பிறகு நீ கூப்பிடவே இல்லை. உன் கோபம் சரி, ஆள்தான் தப்பு. அவர் பிடிவாதத்தால் நிறுத்தவில்லை. என் படத்தைப் பார்த்து நிறுத்தினார்.

சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நான் வைத்த பெரிய திரையைப் பற்றி உனக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். காசநோய்க்கு மாத்திரை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கோடு. கையால் வரைவதில்லை, நான் விதியை மட்டும் எழுதுவேன், கணினி தானே வரைந்துகொள்ளும். மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் கணினிக்குச் சேதி போகும், அவருடைய கோடு மற்ற கோடுகளோடு பின்னிக்கொண்டே போகும். மூன்று நாள் திறக்கவில்லையென்றால் கோடு பின்னலிலிருந்து பிய்ந்து வெளியே போய்விடும். பெயர் கிடையாது, எண் கிடையாது. ஆனால் பெட்டியின் மூடியில் அவரவர் கோட்டின் நிறம் ஒட்டியிருக்கும். நிறுத்தாதே, நிறுத்தினால் பிய்ந்து போவாய் என்பதுதான் சேதி. ஆறு மாதமும் முடித்தவரின் கோடு பின்னலுக்குள்ளேயே தடித்து நிற்கும்.

இப்படி எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பார். திரையில் அப்படி இல்லை. பின்னல் இறுக்கமாக, இருட்டாக இருந்தது. வெளியே போன கோடு மட்டும் அகலமாக வளைந்து, ஒளியோடு, காற்றில் போவது மாதிரி போனது. நான்தான் அப்படிச் செய்தேன். பார்க்க நன்றாக இருந்ததால் செய்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மாத்திரை கொடுக்கும் சிஸ்டரை உனக்குத் தெரியும். மறந்தவர்களைத் தேடித் தேடிக் கூப்பிடுவதால் எல்லோரும் 'அலாரம்' என்று கூப்பிடுவார்களே, அவர்தான். அவர் இரண்டாவது வாரமே சொன்னார். "தம்பி, ஜனங்க தலைகீழாப் புரிஞ்சுக்கறாங்க. வெளிய போற கோட்டைப் பாத்து, அவருக்குக் குணமாயிடுச்சு, வீட்டுக்குப் போயிட்டாருன்னு பேசிக்கறாங்க. கீழ பெருசா ரெண்டு வரி எழுதிப் போடுங்க" என்றார். எழுத்தைப் போட்டால் அது விளம்பரப் பலகை ஆகிவிடும் என்றேன். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், நீங்க ரெண்டையும் சேத்துக் கெடுப்பீங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன்.

பெரியப்பா முப்பத்தொரு வருஷம் லிஃப்டில் நின்று மற்றவர்களை மாடிக்கு ஏற்றி இறக்கியவர். பதினோராவது வாரம் இருமல் அடங்கிவிட்டது, பசி வந்துவிட்டது. டாக்டர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உடம்பு சொன்னது, சரியாகிவிட்டது என்று. திரையில் ஒளியோடு வெளியே போகும் கோடுகளை அதற்கு முன்பே பார்த்திருந்தவர், தானும் வெளியே போகலாம் என்று மாத்திரையை நிறுத்தினார். நாலாம் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து, பெட்டி மூடியைத் திரையருகே பிடித்து நிறம் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்களிடம், "அதோ போறான் பாருங்க, நம்மாளு. இனி இவனை யாரும் பிடிக்க முடியாது" என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். உனக்கும் போட்டோ அனுப்பினாராம், 'வெளியே வந்துட்டேன்' என்று எழுதி. நீ கட்டைவிரல் படம் ஒன்று பதிலுக்கு அனுப்பினாயாம். உன்மேல் குற்றமில்லை. நானே அங்கே பத்தடி தள்ளி நின்று அந்தக் கோட்டை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு இருந்ததிலேயே அழகான கோடு அதுதான். யாருடையது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

இதைவிட மோசமானது இனிமேல்தான். மறுநாள் சிஸ்டர், மாத்திரை தவறியவர்களின் பட்டியலோடு வந்தார். "உங்க பெரியப்பா நாலு நாளா பெட்டியத் தொறக்கல. போன் பண்ணினா, எல்லாம் முடிஞ்சிடுச்சு, நம்ம பையனைக் கேளுங்கங்கறாரு" என்றார். அடுத்த நாள் வெளியூரில் கூட்டம்; அந்த வீடியோவைத்தான் அதிகாரிகளுக்குக் காட்ட இருந்தேன். "எங்க வீட்டு ஆளுதானே, நான் பேசிக்கறேன்" என்றேன். அவர் பட்டியலில் பெரியப்பா பெயரை அடித்துவிட்டார். என்னை நம்பி.

கூட்டத்தில் கைதட்டல். நான் பெரியப்பாவிடம் பேசவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஐம்பத்திரண்டு நாள். ஐம்பத்து மூன்றாம் நாள் அவரே இருமிக்கொண்டு வந்தார், வார்டில் சேர்த்தார்கள். பழைய மாத்திரைகளில் முக்கியமான ஒன்று இனி அவருக்கு வேலை செய்யாது என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. புது மருந்து குறைந்தது ஒன்பது மாதம். காதில் இரைச்சல், வாந்தி எல்லாம் வரலாம் என்கிறார்கள். குணமாக வாய்ப்பு உண்டு என்கிறார்கள். உண்டு என்பதற்கும் நிச்சயம் என்பதற்கும் உள்ள தூரத்தை டாக்டர் மறைக்கவில்லை, நானும் மறைக்கப் போவதில்லை.

நீ போனில் திட்டியபோது நான் அவர் கட்டிலருகே முகக்கவசத்தோடு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், திட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. ஆமாம்மா, தப்புதாம்மா என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்தபின் என்னைப் பார்த்து, "விடுடா. படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அக்கா, அதற்கு அவர் என்னை ஓங்கி ஒன்று அறைந்திருக்கலாம்.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. அதைக் கேட்க நேரில் வருவேன். இப்போதைக்கு நான் செய்யப்போவது இது:

1. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதும் திரையை அணைத்துவிடுவேன்.

2. வெளியே போன மற்ற எட்டுப் பேரில் மூன்று பேர் நேற்று போனில், "அதான் வெளிய வந்துட்டோமே" என்றார்கள். இன்றைக்கே எட்டு வீட்டுக்கும் நேரில் போவேன்.

3. நாளை காலை கூடத்தில் எல்லோர் முன்னாலும் சிஸ்டரிடம், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்வேன். அவர் பட்டியலில் இனி நான் கை வைக்க மாட்டேன்.

4. புதுப் படம் போட்டால், காத்திருப்பவர்கள் இருபது பேரிடம் முதலில் காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்பேன். இருபது பேரும் மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லும்வரை கூடத்துக்கு வராது. கீழே எழுத்தும் இருக்கும், பெரிதாக.

5. தினமும் பதினோரு மணிக்கு வார்டில் இருப்பேன். பெரியப்பா விழுங்குவதைக் கண்ணால் பார்ப்பேன், ஒன்பது மாதமும்.

6. இது என்னால் ஆகாதது. சாயங்காலம் நாலு மணிக்கு வார்டில் போன் பேச விடுவார்கள். மூன்றரைக்கே அவர் எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொள்கிறார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டால், சும்மாதான் என்கிறார். நீ கூப்பிடு, அக்கா. மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள்.

உன் தம்பி