கறுப்புக் குருணை

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கும் என் மனைவி டோரதிக்கு, வேலூர் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஜெயகரன் எழுதுவது. பதறாமல் முழுவதும் படி.

போனில் உன் குரல் கேட்டதும், நல்லாத்தான் இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. என்னோடு வேலை செய்யும் ஜான் பாஷாவின் மச்சான் வெள்ளிக்கிழமை நீ இருக்கும் குவைத்துக்கே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வலது பாதத்தில் முள் குத்தி வீங்கியது என்றேனே, அது வற்றவே இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு ஆறாத புண் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். பிறகு வீக்கம் அங்கங்கே கண் திறந்து, சீழோடு கறுப்புக் குருணை விழுந்தது.

டாக்டர் தமிழினி இது பூஞ்சை என்றார். படர்தாமரையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அது மேல்தோலோடு நின்றுவிடுகிற குடும்பமாம். இது முள்ளோடு உள்ளே போய் எலும்புவரை தின்னும் குடும்பம். மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகிறதும் உண்டாம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் மாதிரி தனித்தனியாக இருப்பது ஒரு வகை, ஊறுகாயில் பூக்கிற மாதிரி நூல்நூலாக ஓடுவது இன்னொன்று. சிலது மண்ணில் நூலாம், உடம்புக்குள் ஈஸ்டாம். உன் பெரியப்பா நினைவு வந்தது, வெளியே ஒரு முகம், வீட்டில் ஒரு முகம்.

குருணை வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், பூஞ்சை வேஷம் போட்ட பாக்டீரியாவாக இருக்க வாய்ப்புண்டு, மாத்திரையிலேயே போய்விடும் என்றார். என்னுடையது கறுப்பு, இருந்தும் அப்படியே இருக்கட்டும் என்று ஜெபித்தேன். லேபில் வளர்த்துப் பார்த்து, நூல் ஓடுகிற அசல் பூஞ்சைதான் என்று சொல்லிவிட்டார்கள். வருஷக்கணக்கில் மாத்திரை. அதற்கு முன்னால் ஆபரேஷன். இரண்டு விரலோடு போகுமா, பாதமே போகுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைக்கிறார். உங்களுக்கு யாரும் வரலியா என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்று பொய் சொன்னேன். இங்கே எல்லாக் கட்டிலுக்கும் ஆள் இருக்கிறது டோரதி. எனக்குத்தான் யாருமில்லை. ஜான் பாஷா பிரியாணியோடு வந்து திட்டிவிட்டுப் போனான்: "ஊருக்கெல்லாம் நல்லாருக்கேன்னு சொல்லிட்டு, இன்னாத்துக்குய்யா தனியா படுத்துக் கிடக்கிற?"

லீவு கேட்காதே, வேலை போய்விடும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் முதல் வாரம்வரை பொறுங்கள் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குள் வந்துவிடு. காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் இரண்டு காலில் நடந்து வந்து உன்னை அழைத்துக்கொள்ள வேண்டும்.

கர்த்தர் உன் பிரயாணத்தைக் காப்பாராக.

உன்,
ஜெயகரன்