இரண்டாவதாக வந்த பெயர்

3 ஜூன் 2025
இலவச கண் ஆபரேஷனுக்குப் பதிந்தவர்களின் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வருகிறார். பெயரை நம்ப முடியாது, ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். போன் நம்பரை வைத்து பைத்தானில் சில வரி புரோகிராம் எழுதினேன். முதல் தடவை வரும் நம்பரை வைத்துக்கொள், மறுபடி வந்தால் தள்ளு. பதிந்த வரிசையும் கலையவில்லை. "இனி எல்லா ஊருக்கும் இதையே ஓட்டு கிருத்திகா" என்றார் முகாம் பொறுப்பில் இருக்கும் சௌந்தர்யா மேடம். சந்தோஷம்.

11 ஜூன்
மல்லசமுத்திரத்தில் ஆட்களை ஏற்றப் போன பஸ்ஸில் தகராறாம். செங்கோடன் என்ற பெரியவர் பெயர் இருக்கிறது, மனைவி குஞ்சம்மாள் பெயர் இல்லை. "எனக்குக் கொஞ்சமாச்சும் தெரியுதுங்க. எனக்குப் பதிலா அவள ஏத்துங்க" என்று கேட்டிருக்கிறார். முடியாது என்றதும் இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஊரில் பெயர் பதிந்த மாதையன் அண்ணனை மேடம் திட்டினார். "ரெண்டு பேரையும் எழுதுனனுங்க" என்றார் அவர்.

சாயங்காலம் பார்த்துவிட்டேன். இருவருக்கும் மகனுடைய நம்பர். என் வரிதான் குஞ்சம்மாளைத் தள்ளியிருக்கிறது. எங்க ஊட்டுலயும் ஒரே போன்தானே இருந்துச்சு — எனக்கு ஏன் தோணல?

12 ஜூன்
சொல்லவில்லை.

16 ஜூன்
குஞ்சம்மாள் வாசப்படி தெரியாமல் விழுந்து கை முறிந்துவிட்டதாம். மாதையன் அண்ணன் சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ வாங்கினார். குடிச்சேன். சீ, என்ன பொழப்பு இது.

17 ஜூன்
மேடத்திடம் சொன்னேன், மாதையன் அண்ணன் இருக்கும்போதே. "தெரிஞ்சதும் சொல்லிட்டயே சாமி, அது போதும்" என்றார் அண்ணன். இல்லைங்கண்ணா, அன்னிக்கே தெரியும் என்றேன். வெளியே போய்விட்டார்.

பழைய பட்டியல்களைத் திரும்பப் பார்த்தேன். தள்ளப்பட்டவர்களில் பாதிக்கு மேல் மனைவிகள். எல்லா வீட்டிலும் ஆம்பளை பெயரை முதலில் கொடுக்கிறார்கள். இனி பெயரும் வயதும் நம்பரும் ஒத்துப்போனால்தான் தள்ளும். சந்தேகம் என்றால் நானே போன் செய்து கேட்கிறேன்.

29 ஜூலை
மறுபடி பட்டியலில் சேர்த்த செங்கோடனுக்கும் குஞ்சம்மாளுக்கும் நேற்று ஆபரேஷன் முடிந்தது. இன்று கட்டு அவிழ்க்கும்போது போயிருந்தேன். குஞ்சம்மாள் கணவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னை. "நீ யாரு சாமி?"

"அன்னிக்கு பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்தது நாந்தாங்க."

"கை இன்னும் முழுசா மடங்கறதில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.