வடித்த பிறகு

மார்ச் 3
இன்றும் எண்ணெய் எரிபொருளாக மாறிவிட்டது. சமையல் எண்ணெயில் மெத்தனாலையும் சுண்ணாம்பிலிருந்து நான் செய்த வெள்ளைப் பொடியையும் போட்டுச் சூடாக்கினால், மதியத்துக்குள் டீசல் மாதிரி ஓடுகிறது. பொடியின் ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நானே உண்டாக்கிய துளைகள். பஸ்ஸில் கண்ணை மூடினால் அவற்றுக்குள் நடக்கிறேன். வெள்ளைச் சுவர்கள், முடியாத தாழ்வாரம். எண்ணெய் மெல்ல உள்ளே வந்து வேறொன்றாக வெளியே போகிறது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 5
எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகசாமி. இன்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "துளை வேலை செய்யுதா, இல்ல பொடியிலேருந்து கரைஞ்ச சுண்ணாம்பு வேலை செய்யுதா? பாதியில பொடிய வடிச்சு எடுத்துட்டுப் பாரும்மா" என்றார்.

வடித்த பிறகும் எண்ணெய் மாறிக்கொண்டே போனால் துளைகளுக்கு அங்கே வேலையே இல்லை. என் நான்கு வருட ஆராய்ச்சியும் விழலுக்கு இறைத்த நீர்.

மார்ச் 6
செய்யவில்லை. குடுவை கழுவினேன்.

மார்ச் 9
வடிதாள் தீர்ந்துவிட்டது என்று சந்தேகசாமியிடம் சொல்லிவிட்டேன். அலமாரி நிறைய வடிதாள்!

இரவு கணவரிடம் புலம்பினேன். தட்டைக் கழுவிக்கொண்டே, "பயமா இருக்கா?" என்றார்.

"பயமெல்லாம் இல்ல. நேரமில்ல."

"பயந்தான். பார்க்காத வரைக்கும் அது உன்னோடது. அதானே?"

எரிச்சல் வந்தது. வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? ஆமாம், பயந்தான். அந்தத் தாழ்வாரம் பொய்யென்றால் — நான் எங்கே போய் நடப்பேன்?

மார்ச் 10
யாரும் மறுபடி கேட்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். எண்ணெய் பாதி மாறியதும் சூடாகவே வடித்தேன். மேஜையில் கொஞ்சம் கொட்டியது. பொடி தாளில் தங்கியது. வெறும் திரவத்தை மறுபடி அடுப்பில் வைத்து, அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து அளந்தேன். பாதி. திரும்பவும் பாதி. சந்தேகசாமி முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. எண் அசையவே இல்லை.

"நின்னுடுச்சும்மா" என்றார், அவருக்கே நம்ப முடியாத மாதிரி. "தீசிஸ எழுத ஆரம்பிச்சுடு."

குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். திரும்பி வந்து, தாளில் இருந்த பொடியைச் சுரண்டி மறுபடி குடுவையில் போட்டேன்.

"அதான் தெரிஞ்சுடுச்சே, இது எதுக்கு?"

"சும்மா சார். பார்க்கணும்போல இருக்கு."

ஜன்னல் வெயில் குடுவையில் விழுந்தது. எண் மெல்ல ஏறத் தொடங்கியது.