மூடிவைத்த பேனா

அன்பு மகனே,

இன்று நம் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். நீ வரவில்லை. அம்மா உன் தட்டை இன்னும் எடுக்கவில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து அணி உன்னைத் தேர்ந்தெடுத்தும், நம்மூர் கிளப்பின் புதிய முதலாளிகள் ஒப்பந்தத்தில் மீதமுள்ள நான்கு வருடமும் உன்னை விடமாட்டார்களாம். "பழைய தலைவர் வாக்குக் கொடுத்தாரா? எழுத்துல காட்டுங்க" என்கிறார்கள்.

அந்தப் பழைய தலைவர், ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய உன் ஞானத்தந்தை ராடிசாவ், இன்று பனியில் நடந்தே வந்தார். நான் ஊற்றிவைத்த பிளம் பழச் சாராயத்தைத் தொடவில்லை. "பையன் இனி என் மூஞ்சில முழிப்பானாய்யா?" என்றார். நான் தலை நிமிராமல் ரொட்டியை வெட்டினேன்.

சிறுவனாக இருந்த உனக்காக நான் கிளப் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று, "வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டா விட்டுடுவோம்னு எழுதித் தர்றேன்" என்று அவர்தான் பேனாவைத் திறந்தார். "ஞானத்தந்தைகிட்ட எழுதி வாங்கினா ஊர் சிரிக்கும்" என்று மூடவைத்தவன் நான்.

அவரைத் துரோகி என்று நீ எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அது எனக்கு வந்திருக்க வேண்டியது.

அப்பா