மூடியில் பூசிய திருநீறு

கப்பலிலிருந்து,
சனிக்கிழமை மாலை.

அன்பு மச்சான் மஜீட்,

கட்டாரில் வெயிலுக்கும் வேலைக்கும் நடுவில் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நானும் உன் மகன் ஸாஹிரும் நலம். போனில் பேசினால் என் குரலே உன்னைப் பயப்படுத்திவிடும். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு ஏசு.

கடலடிச் சேற்றை ஆராய ஸாஹிர் இன்றைக்கு நீர்மூழ்கியில் இறங்கியிருக்க வேண்டும். மட்டக்களப்புக்கு நேர் கிழக்கே, இரண்டாயிரம் மீற்றர் ஆழம். மூன்று பேர் மட்டும் உட்காரக்கூடிய உலோக உருண்டை அது. இரண்டு நாளாக பற்றறி சார்ஜ் ஏற்றி, மூச்சுக்காற்றுச் சிலிண்டர்களைப் பார்த்து, இறங்குகிறவர்களைச் சாப்பாட்டுப் பொதியோடு தராசில் நிறுத்தோம். அவர்களின் எடையைப் பார்த்துத்தான் அடியில் இரும்புத் தட்டுகள் போட வேண்டும். உன் மகன் ஐம்பத்தெட்டுக் கிலோதான். உன்னை ஏற்றியிருந்தால் தட்டே தேவைப்பட்டிராது!

என் பொறுப்பு மேல்மூடி. அதன் றப்பர் வளையத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசி மூட வேண்டும். ஒரு தலைமயிர் கிடந்தாலும் தண்ணீர் கசியலாம். கீழே நகத்தளவு இடத்தை இருநூறு கிலோ பாரம் அமுக்கும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

அப்படிப்பட்ட நான் இன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? பனிச்சங்கேணியில் முப்பது வருடம் தோணிகளுக்கு எஞ்சின் பூட்டியவன். திருநீறு பூசாமல் ஒரு எஞ்சினையும் கடலுக்கு விட்டதில்லை. மூவரும் உள்ளே போய் உட்கார்ந்ததும், நம்ம பிள்ளை போகிறானே என்று, களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருநீற்றை எடுத்து மூடியில் மூன்று குறி இழுத்துக் கும்பிட்டேன். பிறகு மூடினேன். கிறேன் தூக்கத் தொடங்கியபோதுதான் என் விரல்களில் கிறீஸோடு திருநீறும் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. கத்தி நிறுத்தினேன். திறந்து பார்த்தால் கிறீஸ் முழுக்கத் தூள். இறங்குவதை நாளைக்கு மாற்றிவிட்டார்கள். பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் ஏசி, மூடி வேலையை வேறொருவரிடம் கொடுத்தார். அவர் ஏசியது எனக்கு வலிக்கவில்லை. உன் பிள்ளையை என் கையாலேயே சாவுக்கு அனுப்பிவைக்கப் பார்த்தேனே மச்சான், அதுதான் வலிக்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

பின்னேரம் ஸாஹிர் பொறுப்பாளரிடம் போயிருக்கிறான். "உதயரூபன் மாமாதான் மூடணும். அவர் பிழை விட்டா வந்து சொல்லுவார். மத்த ஆக்கள எனக்குத் தெரியா" என்றானாம். அவரும் யோசித்துவிட்டு ஓம் என்றுவிட்டார்.

நாளை காலை ஆறு மணிக்கு மூடுவேன். கையை மூன்றுதரம் கழுவிவிட்டுத்தான் போவேன். சாமியைத் துணைக்கு வைக்காமல் ஒன்றை மூடுவது எனக்கு இதுதான் முதல் தடவை. அங்கே உனக்கு அது சுபஹுத் தொழுகை நேரம். மகனுக்காகக் கை ஏந்தும்போது, மச்சான், என் கைக்காகவும் கேள்.

உன்,
உதயரூபன்